சிவப்புப் பெட்டியைப் பார்த்தவர்கள்

“செல்ஃபி எடுக்க வரல. உட்காரவும் வரல,” என்றாள் கதவைத் தள்ளிக்கொண்டு வந்த பெண். “எங்கப்பாவைப் பத்திச் சொன்னதை நீங்களே வாபஸ் வாங்கணும். அதைக் கேட்கத்தான் வந்தேன்.”

கடந்த மூன்று வாரத்தில் மேடத்தின் துப்பறியும் ஆபீஸுக்கு வந்தவர்களில் செல்ஃபி கேட்காதவள் அவள் ஒருத்திதான். பதினைந்து வருஷமாகத் துப்பறியும் தொழில் நடத்தியும், கீழ்த்தளத்தில் இருந்த மருந்துக் கடைக்காரருக்குக்கூட மேடம் யாரென்று தெரியாது. ஒரே ஒரு குற்றத் தொடரில் முகத்தைக் காட்டினார். மறுநாளே அதே கடைக்காரர் தலைவலி மாத்திரைக்குக் காசு வேண்டாம் என்றார். வாங்கிக்கொண்டு சிரித்துவிட்டு வந்ததை நினைத்தால் இப்போது மேடத்துக்குக் கூசியது.

அது நிஜ வழக்கை வைத்து எடுத்த தொடர். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் கடிகாரம் ரிப்பேர் செய்கிற ஒருவரின் மனைவி ஒரு சாயங்காலம் வீட்டிலிருந்து காணாமல் போனார். அந்த அம்மாவின் அண்ணன் சொல்லி மேடம் மூன்று மாதம் தேடினார். ஒரு துப்பும் கிடைக்கவில்லை. போலீஸும் கேஸ் கட்டைப் பரணில் போட்டது. அதைத் தூசி தட்டி, நடிகர்களை வைத்துப் பத்து எபிசோடாக எடுத்திருந்தார்கள். நடுநடுவே பாதி முகத்தில் மட்டும் வெளிச்சம் விழ மேடம் உட்கார்ந்து பேசுவார். ஐந்தாவது எபிசோடில் அவர் சொன்ன இரண்டு வரி எல்லார் போனிலும் ஓடியது: “அன்னிக்கு சாயங்காலம் அந்த மனுஷன் ஒரு பெட்டியோட படியிறங்கிப் போனார். திரும்பி வரும்போது கையில பெட்டி இல்ல.”

வந்தவள் அந்த மனுஷனின் மகள்.

“கடிகாரம் ரிப்பேர்னு சொல்லிட்டு வர்றாங்க,” என்றாள். “அப்பா திருகாணியைத் திருகும்போது அவர் கையை வீடியோ எடுக்கிறாங்க. ‘இந்தக் கைதான்’னு எழுதிப் போடறாங்க. எங்க கடை வாசல்ல நின்னு ஐஸ்கிரீம் சாப்பிடறாங்க மேடம், ஏதோ பொருட்காட்சிக்கு வந்த மாதிரி. முந்தாநாள் எதிர் பில்டிங் டீச்சர் ஒருத்தங்க போலீஸுக்குப் போய், அப்பா பெட்டியோட போனதை என் கண்ணாலயே பார்த்தேன்னு எழுதிக் கொடுத்துட்டாங்க. நாளைக்குக் காலைல அப்பாவை ஸ்டேஷனுக்கு வரச் சொல்லியிருக்காங்க. உள்ள போனா வெளிய விடமாட்டாங்க.”

“அப்பா என்னம்மா சொல்றார்?”

“பேசறதே இல்ல. எங்கம்மா போனப்ப எனக்குப் பத்து வயசு. மிச்சம் இருக்கறது அப்பாதான். அவரையும் எடுத்துக்காதீங்க.”

“பெட்டி விஷயம் நானா சொல்லலம்மா. அப்ப விசாரிச்சதுல வந்தது.”

“யார் பார்த்தது?”

மேடம் வாயைத் திறந்தார். பெயர் வரவில்லை. ஆனால் அந்த மனிதர் படியிறங்குவது மட்டும் கண்ணுக்குள் அப்படியே நின்றது. “பழைய கேஸ். நோட்டைப் பார்த்துச் சொல்றேன். முதல்ல அந்த டீச்சரை விசாரிக்கிறேன். அவங்க சொல்றது பொய்னா இன்னிக்கே உடைச்சிடறேன்.”

அவள் நன்றி சொல்லவில்லை. நம்பர் எழுதிய சீட்டை மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

“அண்ணி,” என்றாள் மூலை மேசையிலிருந்த உதவியாளர். மேடத்தின் கணவருக்குத் தங்கை, நாற்பதை நெருங்குகிறவள். பேச்சுக்குப் பேச்சு குத்துவதால் குடும்பத்தில் அவளுக்குக் குண்டூசி என்று பெயர். “தொடர்ல எல்லாம் துப்பறியறவங்க கிளம்பும்போது ஒரு மியூசிக் வரும். நமக்கு நம்ம ஸ்கூட்டர் இருமறதுதான். வாங்க.”

“நோட்டை எடுத்துக்கோ.”

“எடுத்தாச்சு. கரப்பான் பூச்சி எனக்கு முன்னாடியே பாதி படிச்சு முடிச்சிருக்கு.”

* * *

எதிர் பில்டிங் டீச்சர் முப்பது வருஷம் கணக்கு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். வீடு அளவுகோல் வைத்து அடுக்கினது போல இருந்தது. மேடத்தைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

“நீங்களே வருவீங்கன்னு நினைக்கல! உங்களாலதான் எனக்கு ஞாபகமே வந்துச்சு. தொடரை முதல் தடவை பார்த்தப்ப எங்கேயோ பார்த்த மாதிரி இருந்துச்சு. ரெண்டாவது தடவை பார்த்தப்ப, அட, இதை நான் பார்த்திருக்கேனேன்னு தோணுச்சு. மூணாவது தடவை பார்த்ததும் அப்படியே தெளிவா வந்துடுச்சு.”

“நாலாவது தடவை பார்த்திருந்தா நீங்களே பெட்டியில கை போட்டுத் தூக்கியிருப்பீங்க,” என்றாள் குண்டூசி. மேடம் அவள் காலை மிதித்தார்.

“எங்கேருந்து பார்த்தீங்க டீச்சர்?”

“இதோ, இந்த சமையலறை ஜன்னல்லேருந்து. எதிர்ல அவங்க பில்டிங் மாடிப்படி. மூணாவது மாடியிலேருந்து இறங்கி வந்தார். சிவப்புப் பெட்டி. இடது கையில வச்சிருந்தார்.”

“சிவப்புன்னு நிச்சயமா தெரியுமா?”

“ரத்தச் சிவப்பு.”

ஜன்னலுக்கு எதிரே, பத்தடி சந்துக்கு அந்தப் பக்கம், மாடிப்படி நெடுக ஒரு கண்ணாடிச் சுவர். பாத்ரூமுக்குப் போடுவார்களே, அந்த மாதிரி மங்கல் கண்ணாடி. மேடம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குண்டூசியின் காதில் ஏதோ சொன்னார்.

“எப்பவும் ஓடற வேலை எனக்கு, உட்கார்ற வேலை உங்களுக்கு,” என்று முனகிக்கொண்டே அவள் இறங்கிப் போனாள்.

இரண்டு நிமிஷத்தில் கண்ணாடிக்குப் பின்னால் ஓர் உருவம் தெரிந்தது. ஏறியது, இறங்கியது, நின்று கையை ஆட்டியது. போன் அடித்தது. மேடம் ஸ்பீக்கரில் போட்டார்.

“டீச்சர், என்கிட்ட ஒண்ணு இருக்கு. என்ன நிறம்னு சொல்லுங்க,” என்றாள் குண்டூசி.

டீச்சர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். ஜன்னல் கம்பியில் நெற்றி படும்வரை போனார். “சாம்பல்... கறுப்பா?”

“வாட்ச்மேன் ரூம்ல இருந்த நெருப்பணைக்கிற வாளி. இதைவிடச் சிவப்பா உலகத்துல ஒண்ணும் கிடையாது. எந்தக் கையில இருக்கு?”

நிழலில் கை எது, வாளி எது என்றே பிரிக்க முடியவில்லை. டீச்சர் வலது என்றார்.

“தலையில இருக்கு டீச்சர். அப்புறம், இந்தக் கண்ணாடி பில்டிங் கட்டின நாள்லேருந்தே இதுதானாம். வாட்ச்மேன் ஐயா இங்க பதினெட்டு வருஷமா இருக்கார், பக்கத்துலயே நிக்கிறார். வாளியைத் திருப்பிக் கொடுக்கச் சொல்றார்.”

டீச்சர் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரு விடைத்தாளுக்குக்கூடத் தப்பாக மார்க் போடாதவராக இருந்திருப்பார், முகம் வெளுத்துவிட்டது.

“நான் பொய் சொல்லலம்மா.”

“தெரியும் டீச்சர்.”

“இப்பக்கூடக் கண்ணை மூடினா தெரியுது. அந்தப் பெட்டியோட மூலையில பித்தளை முனைகூடத் தெரியுது. பார்க்காததை எப்படி அவ்வளவு நல்லாப் பார்க்க முடியும்?”

ஸ்டேஷனுக்கு வந்து மாற்றி எழுதிக் கொடுப்பீர்களா என்று மேடம் கேட்டார். டீச்சர் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார். பிறகு, “இந்த பில்டிங்ல எல்லாரும் கைகொடுத்தாங்க, துணிச்சலாப் போய்ச் சொன்னீங்கன்னு. மூணு நாளா என் வீட்டுக்கு ஆள் வருது. யோசிச்சுச் சொல்றேன்,” என்றார்.

கீழே ஸ்கூட்டரில் ஏறும்போது குண்டூசி கேட்டாள். “நீங்க பெட்டின்னுதானே சொன்னீங்க அண்ணி? சிவப்புன்னு சொல்லலையே?”

“நிறம் சொல்லல. சிவப்பு, இடது கை ரெண்டும் தொடர் எடுத்தவங்க போட்டது. அதை அவங்க எழுதிக் கொடுத்துட்டா டீச்சரோட சாட்சி செல்லாது. நேரா அங்க போ.”

“இன்னிக்கு நீங்க வேகமா இருக்கீங்க,” என்றாள் குண்டூசி. ஆனால் சொல்லும்போது சிரிக்கவில்லை. டீச்சர் வீட்டுக்கு வரும் வழியில், சிக்னலில் நின்ற நேரமெல்லாம் அவள் அந்தப் பழைய நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

* * *

தொடர் எடுத்த கம்பெனியின் கிடங்கில் நாற்காலிகள், பொய்க் கதவுகள், மூன்று பிணவறைக் கட்டில்கள் எல்லாம் அடுக்கியிருந்தன. செட் போடுகிற கலை இயக்குநர் ஒரு சவப்பெட்டியின்மேல் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“சிவப்பா? அது ஒரு கூத்து மேடம். முதல்ல கறுப்புப் பெட்டிதான் கொடுத்தேன். படிக்கட்டு இருட்டுல பெட்டியே தெரியல; நடிகர் சும்மா வாக்கிங் போற மாதிரி இருந்துச்சு. அதனால சிவப்பு.”

“இடது கை?”

“முந்தின நாள் சண்டை சீன்ல அவருக்கு வலது மணிக்கட்டு சுளுக்கிக்கிச்சு. அதனால இடது.”

குண்டூசி கைதட்டினாள். “ஆக, டீச்சர் ஒன்பது வருஷத்துக்கு முன்னாடியே இந்த நடிகரோட சுளுக்கைப் பார்த்திருக்காங்க! அண்ணி, கேஸ் முடிஞ்சுது.”

மேடம் பையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து நீட்டினார். “இதை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க.”

“தாராளமா.” அவர் கையைத் துடைத்துக்கொண்டார். “நிறம் எங்களோடது, கையும் எங்களோடது. பெட்டி மட்டும் உங்களோடது மேடம். ஸ்கிரிப்ட்ல பெட்டியே கிடையாது. உங்க பேட்டியைப் போட்டுப் பார்த்துட்டு டைரக்டர் சந்தோஷத்துல குதிச்சார். அப்புறம்தான் அந்த சீனையே எழுதினாங்க.”

“ஆமா, அது விசாரணையில வந்தது,” என்றார் மேடம்.

“அண்ணி.” குண்டூசியின் குரலில் குத்தல் எதுவும் இல்லை. அதுதான் மேடத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தது. “நோட்டுல பெட்டி இல்ல.”

“சரியாப் பார்.”

“மூணு தடவை பார்த்தேன். கரப்பான் தின்ன பக்கம்கூட வெறும் பஸ் டைம்தான். கடைசிப் பக்கத்துல உங்க கையெழுத்துல இருக்கு, நீங்களே படிங்க.”

மேடம் வாங்கிப் படித்தார். ‘கணவர் வெளியே போனதையோ வந்ததையோ பார்த்தவர் யாரும் இல்லை. அவரைச் சந்தேகப்பட ஒன்றும் கிடைக்கவில்லை.’

கிடங்குக்குப் பின்னாலேயே எடிட்டிங் அறை. அங்கிருந்தவர் மேடத்தின் பேட்டியை, வெட்டாத முழுப் பேட்டியை, தேடி எடுத்துப் போட்டார். திரையில் மேடம் பவுடர் பூசிக்கொண்டு, யாரோ கொடுத்த கறுப்புக் கோட்டில் உட்கார்ந்திருந்தார். கேமராவுக்குப் பின்னாலிருந்து டைரக்டரின் குரல் கேட்டது.

“அன்னிக்கு சாயங்காலம் கணவர் என்ன பண்ணார் மேடம்?”

“தெரியல. யாரும் பார்க்கல.”

“நல்லாருக்கு. கொஞ்சம் அழுத்தமாச் சொல்லுங்க. ஒன் மோர்.”

அழுத்தமாகச் சொன்னார். ஒன் மோர். நிறுத்தி நிறுத்திச் சொன்னார். ஒன் மோர். ஐந்தாவது தடவை டைரக்டர் சலிப்போடு, “தெரியலன்னா ஜனங்க வேற தொடருக்கு மாத்திடுவாங்க மேடம், அவங்க மனசுல ஒட்டற மாதிரி ஏதாவது சொல்லுங்க,” என்றார். ஆறாவது தடவை திரையிலிருந்த மேடம் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். ஏழாவது தடவை நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரு விநாடி இடைவெளி விட்டு, அந்தப் பெட்டியைச் சொன்னார். சொன்னதும் அறை முழுக்கக் கைதட்டல். கைதட்டலைக் கேட்டு அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பைத் தொடரில் வெட்டியிருந்தார்கள்.

எடிட்டர் நிறுத்திவிட்டுத் தன் நகத்தைப் பார்த்துக்கொண்டார்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே தவளை நன்றாகத்தான் இருந்தது. கெட்டது வேறொருவர் குடி. சொன்னது பொய் என்று அன்றைக்கு அவருக்குத் தெரிந்துதான் இருந்தது. பிறகு தொடர் வந்தது. வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு தன் முகம் வரும் இடத்தை ஏழெட்டு முறை பார்த்தார். அதற்குப் பிறகு பெட்டி நிஜமாகிவிட்டது. டீச்சருக்கு நடந்ததேதான் அவருக்கும். ஒரே வித்தியாசம், டீச்சர் யாரோ ஊற்றியதைக் குடித்தார். இவர் தானே காய்ச்சிக் குடித்தார்.

“நானும்தான் அண்ணி,” என்றாள் குண்டூசி மெதுவாக. “அந்த ரெண்டு வரியை வெட்டி, இருநூறு பேருக்கு அனுப்பினவ நான்தான். எங்க அண்ணின்னு பெருமையா போட்டேன்.”

“உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.”

போன் அடித்தது. கடிகாரக்காரரின் மகள். “அப்பா கடையைப் பூட்டிட்டுப் போயிட்டார் மேடம். ஸ்டேஷனுக்கு. நாளைக்குத்தானே வரச் சொன்னாங்க, இன்னிக்கே போயிட்டார். எல்லாத்தையும் ஒத்துக்கிட்டாராம்.”

* * *

இன்ஸ்பெக்டர் எழுந்து நின்று வரவேற்றார். “சரியான நேரத்துக்கு வந்தீங்க! ஒன்பது வருஷமா யாராலும் முடியல. உங்க தொடர் மூணே வாரத்துல முடிச்சிடுச்சு.” வாக்குமூலத் தாளைப் பெருமையோடு நீட்டினார்.

மேடம் நின்றபடியே படித்தார். ‘சிவப்பு நிறப் பெட்டியை இடது கையில் எடுத்துக்கொண்டு மாடிப்படி வழியாக இறங்கினேன்.’

“பெட்டியை எங்க போட்டாராம்?”

“அது மட்டும் ஞாபகம் வரலையாம். வந்துடும்.”

“வராது,” என்றார் மேடம். “தொடர்லயும் அதைக் காட்டலையே. இந்த இடது கை ஒரு நடிகரோட சுளுக்கு. இந்தச் சிவப்பு, கறுப்பு தெரியலன்னு மாத்தினது. ரெண்டுக்கும் கலை இயக்குநர் கையெழுத்துப் போட்ட கடிதம் இதோ. பெட்டி நான் சொன்ன பொய். கேமராவுக்கு முன்னாடி, ஏழாவது தடவை. வெட்டாத பேட்டி இதுல இருக்கு. நோட்டும் இருக்கு. என்னோட வாக்குமூலத்தையும் எழுதிக்கோங்க.”

குண்டூசி பென் டிரைவை மேசையில் வைத்தாள். இன்ஸ்பெக்டர் அதைத் தொடவில்லை. அவருடைய முகத்தில் கோபத்தைவிட ஏமாற்றம்தான் அதிகமாக இருந்தது, கடைசி எபிசோடுக்கு நடுவில் கரண்ட் போன ஆளைப் போல.

“மேடம், யோசிச்சுப் பேசுங்க. இதை எழுதிக் கொடுத்தா உங்க தொழிலே போயிடும். உங்க மேலயே கேஸ் வரும். இதுவரைக்கும் நீங்க கொடுத்த ரிப்போர்ட் எல்லாத்தையும் கிளறுவாங்க. அவர் தானா வந்து ஒத்துக்கிட்டிருக்கார். உங்களை யார் கேட்டது?”

மேடம் குண்டூசியைப் பார்த்தார். எதற்கும் ஒரு வார்த்தை வைத்திருப்பவள், இப்போது ‘எழுதுங்க’ என்பதுபோலத் தலையை மட்டும் ஆட்டினாள்.

“பேப்பர் கொடுங்க,” என்றார் மேடம்.

இரண்டு பக்கம் எழுதினார். கையெழுத்துப் போட்டதும், “அவரைப் பார்க்கணும்,” என்றார்.

உள் அறையில் பெஞ்சின் ஓரத்தில் கடிகாரக்காரர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மகள், அவர் சட்டைக் கையைப் பிடித்தபடி. மேடத்தைக் கண்டதும் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர் மட்டும், பெரிய மனுஷி வந்திருக்கிறார் என்று மரியாதையாக எழுந்து நின்றார். அதைத்தான் மேடத்தால் தாங்க முடியவில்லை.

“உட்காருங்க ஐயா. ஏன் ஒத்துக்கிட்டீங்க?”

“எல்லாரும் பார்த்திருக்காங்களே அம்மா.” குரல் தேய்ந்திருந்தது. “டீச்சர் பார்த்திருக்காங்க. கடைக்கு வர்றவங்க எல்லாரும் பார்த்தோம்ங்கறாங்க. நீங்க படிச்சவங்க, விசாரிச்சவங்க, நீங்களே சொல்றீங்க. எனக்கு மட்டும் ஞாபகம் இல்லன்னா, தப்பு என் மேலதானே? மூணு வாரமா யோசிச்சேன். இப்ப எனக்கும் தெரியுது. சிவப்பா ஒரு பெட்டி. நான் இறங்கறேன். கை கனக்குது.”

மகள் சத்தமில்லாமல் அழுதாள்.

“நீங்க எதையும் எடுத்துட்டுப் போகலீங்க,” என்றார் மேடம். “பெட்டின்னு ஒண்ணு இருந்ததே இல்ல. நான் இட்டுக்கட்டிச் சொன்னேன். எழுதிக் கொடுத்துட்டேன்.”

அவர் கோபப்படுவார் என்று மேடம் காத்திருந்தார். திட்டியிருந்தால், ஓர் அறை கொடுத்திருந்தால்கூட வாங்கிக்கொண்டு நிம்மதியாகப் போயிருப்பார். அவர் அதெல்லாம் செய்யவில்லை. தன் இடது கையை விரித்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, பதிலுக்கு முழுக்க மேடத்தையே நம்பி இருக்கிற குழந்தையைப் போல, நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்:

“நல்லாத் தெரியுமா அம்மா? நான் அவளை ஒண்ணும் பண்ணலையா?”